கட்டன் சாயா, கிராம்பு, கேப்ஸ்யூல்: வீட்டுப் பெரியவர்களின் இதயம் பற்றி உங்கள் அனுபவம் என்ன?

மலையோரத்தான், குலசேகரம்

அப்பாவுக்கு 72 வயது. நாற்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தோம். வளைகுடாவில் இருக்கும் தம்பி லீவுக்கு வந்தபோது திராட்சை விதைச் சாறு கேப்ஸ்யூல் மூன்று டப்பா கொண்டு வந்தான். பாலிபீனாலாம், இதயத்துக்கு நல்லதாம்.

நாலு மாசம் கழித்து ரத்தம் பரிசோதித்தால் கெட்ட கொழுப்பு 68இல் இருந்து 141க்குப் போயிருக்கிறது. டாக்டர் என்னைப் பார்க்கிறார், நான் அப்பாவைப் பார்க்கிறேன், அப்பா ஜன்னலைப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ராத்திரி போடுகிற கொழுப்பு மாத்திரை, அட்டை அட்டையாக, பிரிக்காமலே கிடந்தது.

"சின்னவன் கொண்டு தந்தாம்லா மக்கா, பொறவு இது எதுக்கு?" என்றார்.

அப்புறம்தான் நான் உட்கார்ந்து படித்தேன். பாலிபீனால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, செடிகொடிகளில் இயற்கையாகவே இருக்கும் ஒரு வகைப் பொருள்தான். சாயாவின் துவர்ப்பு, நாவல்பழம் நாக்கில் ஏற்றும் நிறம், சின்ன வெங்காயத் தோலின் சிவப்பு எல்லாம் அந்த வகைதான். ரத்தக் குழாய் இளகிக் கொடுக்க இவை உதவும் என்கிறார்கள். நெதர்லாந்தில் ஜுட்ஃபென் என்ற ஊரில் 65 முதல் 84 வயதுவரை உள்ள 805 ஆண்களை ஐந்து வருஷம் கவனித்து 1993இல் எழுதினார்கள். இந்த வகையில் ஃபிளவனாய்டு என்ற பிரிவை அதிகம் சாப்பிட்டவர்களிடம் இதயநோய் சாவு குறைவு. அவர்களுக்கு அது பெரும்பாலும் சாயா, வெங்காயம், ஆப்பிளில் இருந்துதான் கிடைத்தது. ஆனால் இது பார்த்துக் குறித்துக்கொண்ட கணக்கு. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கேப்ஸ்யூலையே கொடுத்துப் பார்த்ததும் உண்டு. அமெரிக்காவில் 60 தாண்டிய 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து கோக்கோ சாற்றைச் சோதித்தார்கள். 2022இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இதயநோய்ச் சாவு மட்டும் தனியாக 27 சதவீதம் குறைந்திருந்தது. சரி, நல்ல செய்திதான். ஆனால் டாக்டர் தந்த மாத்திரையைப் பிஸ்கட் டப்பாவில் போடு என்று அதில் யாரும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக் கதையையும் எழுதுங்கள்.

பூச்சந்தை, தோவாளை

அம்மைக்கு வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாள். யாரோ சொன்னார்கள் என்று தினமும் முருங்கைக்கீரை சூப் குடிக்க ஆரம்பித்தாள். அடுத்த தடவை பார்த்தபோது, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு நன்றாக இறங்கிவிட்டது. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தோடு மல்லுக்கு நிற்குமாம். கீரையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒருநாள் குடம், ஒருநாள் ஒன்றுமில்லை என்று இல்லாமல் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். இப்போது வாரம் இரண்டு நாள், ஒரு கைப்பிடி.

கராம்புத் தோட்டம்

நம்ம கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் இருந்து பாட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்திலேயே பாலிபீனால் அதிகம் இதில்தான் என்று தினமும் கஷாயம் வைத்தார். பட்டியலில் முதலிடம் என்பது உண்மைதான்: 100 கிராம் கிராம்பில் 15 கிராம் அளவுக்கு இருக்கிறது. ஆனால் யார் 100 கிராம் தின்பது? எங்கள் வீட்டுத் தராசில் பத்துக் கிராம்பு போட்டால் ஒரு கிராம் காட்டுகிறது. அந்தப் பத்துக் கிராம்பில் உள்ள பாலிபீனால், பால் சேர்க்காத கட்டன் சாயா ஒரு கிளாஸிலேயே ஏறக்குறைய வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்பதால் கஷாயத்தை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். மீன்கறியில் போடும் ரெண்டு கிராம்புக்குத் தடையில்லை.

மார்த்தாண்டம் மருமகள்

மாமிக்குச் சோறு உண்ட கையோடு கட்டன் வேண்டும். ரத்தசோகை மாத்திரை மாசக்கணக்கில் போட்டும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. சாயா சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறார், முணுமுணுப்போடு. நாலு கரண்டி சீனியையும் ஒன்றாக்கினோம். அதற்குத்தான் இன்னும் என்னோடு பேச்சில்லை. ஒரு சந்தேகம்: பால் சேர்த்தால் பலன் போய்விடும் என்கிறார்களே?

மலையோரத்தான், குலசேகரம்

2007இல் பெர்லினில் அப்படி ஒரு ஆய்வு வந்தது, அக்கா. கட்டன் குடித்ததும் ரத்தக் குழாய் நன்றாக விரிந்தது, பால் சேர்த்ததும் அந்தப் பலன் காணவில்லை. சோதித்தது 16 பெண்களை. அந்த 16 பேரைக் காட்டி அப்பாவின் நாலு மணிப் பால் சாயாவை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. மாத்திரையை மட்டும் இப்போது ராத்திரி நானே கையில் கொடுத்து, முழுங்குகிறவரை நிற்கிறேன்.