"கதவைப் பிடி புள்ள, இயேசப்பா இங்கதான் இருக்காரு"

விசுவாசம் இருந்தால் பயமே வராது என்று சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்குப் பயம் வந்தது. இன்னும் வருகிறது. அதனாலேயே இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 15 ராத்திரி கஜா புயல் வந்தபோது வீட்டில் நானும் அத்தையும் (மாமியார்) ஆறு வயது மகனும்தான். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். பள்ளிக்கூட முகாமுக்குப் போகச் சொல்லி மைக்கில் அறிவித்துக்கொண்டே போனார்கள். வரும் வரும் என்று சொல்லி வராமல் போன புயல்கள் எத்தனையோ. கொல்லையில் மாடு வேறு நின்றது. போகவில்லை. தப்புதான், இப்போது தெரிகிறது.

நள்ளிரவு தாண்டியதும் பிடித்தது. லோடு லாரி ஒன்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவதுபோல் ஒரு உறுமல். ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க, கூடத்துக்குள்ளேயே மழை கொட்டியது. மகனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். வாசல் கதவின் தாழ்ப்பாள் பிய்ந்துவிடும்போல் இருந்ததால் பீரோவை இழுத்து முட்டுக்கொடுத்தோம். பீரோவே ஆடியது. நான் கைகூப்பிக்கொண்டு "இயேசப்பா காப்பாத்து, காப்பாத்து" என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அத்தை போட்டார் ஒரு சத்தம்: "அவரு இங்கதான் இருக்காரு புள்ள. நீ கதவைப் பிடி!"

உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்புறம் இரண்டு பேரும் பீரோவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். அத்தை 23-ஆம் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினார். கட்டிலுக்கு அடியிலிருந்து மகனும் சேர்ந்துகொண்டான். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது. காற்று திசை மாறிப் பின்பக்கமாக அடித்தபோது கொல்லைத் தென்னை விழுந்து சுவர் அதிர்ந்தது. அத்தை நாலாம் வசனத்தைத் தாண்டவே இல்லை. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்பதையே விடியும்வரை சொன்னார்.

பல மாதம் கழித்துத்தான் அந்தச் சங்கீதத்தில் ஒன்றைக் கவனித்தேன். முதல் மூன்று வசனமும் "அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார்" என்று யாரிடமோ கர்த்தரைப் பற்றிச் சொல்வதுபோல் போகிறது. மரண இருளின் பள்ளத்தாக்கு வந்த உடனே "அவர்" போய் "தேவரீர்" வந்துவிடுகிறது. தாவீது முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுகிறார். புல்வெளியில் இல்லாத அந்த நெருக்கம் இருட்டில்தான் வருகிறது. அத்தைக்கு இந்த இலக்கணமெல்லாம் தெரியாது. ஆனால் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறார்.

விடிந்து பார்த்தால் தோப்பே படுத்துக் கிடந்தது. மாடு பிழைத்திருந்தது, அதை எப்படி என்று கேட்காதீர்கள். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அதையெல்லாம்விட மோசம் அடுத்த ஐப்பசிதான். சாதாரணக் காற்றுக்குக் கீற்று உரசினாலே எனக்குக் கை நடுங்கும். ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். "அது அவிசுவாசம்மா" என்றார். இரண்டு வருடம் வெளியில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் அத்தைதான் கண்டுபிடித்து 56-ஆம் சங்கீதம் மூன்றாம் வசனத்தை எடுத்துக் கொடுத்தார். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." விரலை வைத்துக் காட்டினார்: "பாரு, தாவீதே பயப்படுற நாளுன்னுதான் சொல்றாரு. உன்னை மட்டும் எவன் பயப்படக் கூடாதுன்னான்?"

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

*

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரர்:

அக்கா, நான் கத்தோலிக்கன், கடல் தொழில். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. எங்கள் வீட்டில் சிலர் பிழைக்கவில்லை. அதற்கு மேல் எழுத வரவில்லை.

வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்று புதுமையாக (அற்புதமாக) சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் கரையில் நின்று போனவர்களோடு ஆண்டவர் இல்லையா என்று சாமியாரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, என்னோடு உட்கார்ந்து அழுதார். பதில் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

ஒரு வருடத்துக்கு மேல் கடலில் இறங்கவில்லை. பிறகு ஒரு விடியற்காலை, தொழிலை விட்டு எத்தனையோ வருடமான அப்பா எதுவும் பேசாமல் ஃபைபர் படகில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். சிலுவை போட்டுக்கொண்டேன், எஞ்சினை இழுத்தேன். அலை தாண்டும்வரை அப்பாவின் முதுகை மட்டும்தான் பார்த்தேன். கடவுள் கூட இருப்பது என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த முதுகுதான்.

*

கும்பகோணத்திலிருந்து ஒரு தங்கை:

அடுத்த வாரம் அம்மாவுக்கு ஆபரேஷன். படித்துவிட்டு அழுதேன். ஒன்று கேட்கலாமா அக்கா, இப்போது உங்களுக்குக் காற்றுப் பயம் போய்விட்டதா?

*

இல்லை தங்கச்சி. நேற்று ராத்திரியும் காற்று. இரண்டு மணிக்கு எழுந்து பீரோவைத் தொட்டுப் பார்த்தேன். பின்னாலேயே அத்தையும் எழுந்து வந்து நின்றார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தேவரீர்..." என்று நான் ஆரம்பித்தேன், மீதியை அவர் சொன்னார். அம்மா பெயரை அனுப்பு, இரண்டு பேரும் சேர்ந்தே சொல்கிறோம். நாகப்பட்டினத்துத் தம்பி, உங்கள் வீட்டாரையும்.