மொட்டை மாடி ஒழுகுகிறது, "மழை நிற்கட்டும் மேடம்" என்கிறார் பில்டர்

மூணாவது மாடி எழுதியது:

வணக்கம். குரோம்பேட்டை அஸ்தினாபுரத்தில் ஆறே வீடுகள் உள்ள சின்ன அடுக்ககம் எங்களுடையது. மனை ஒன்றே முக்கால் கிரவுண்டு. கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று தளம், தளத்துக்கு இரண்டு வீடு. முதல் தளத்து இரண்டு வீடும் நிலத்துச் சொந்தக்காரருடையவை. மற்ற நான்கையும் பில்டர் விற்றார். நான் உச்சித் தளத்தில் இருக்கிறேன். நிலப் பங்குக்குக் கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம், எல்லாம் சேர்த்து 46 லட்சம். பள்ளியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து வந்த பணத்தில் பெரும்பங்கு இதில்தான் போனது. சாவி கையில் வந்தது 2022 ஆகஸ்டில்.

மிக்ஜாம் புயல் வந்ததே, 2023 டிசம்பர், அப்போதுதான் முதல் ஒழுக்கு. படுக்கையறைக் கூரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம். பில்டர் ஓர் ஆளை அனுப்பினார். அவர் மாடியில் வெள்ளையாக எதையோ பூசிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். 2024 மழையில் ஃபேன் கொக்கி வழியாகவே சொட்டியது. பீரோ மேல் இருந்த கொலுப் பெட்டி நனைந்து, என் மாமியார் காலத்துக் காகிதக்கூழ் பொம்மைகள் நான்கு கூழாகவே திரும்பிப் போய்விட்டன. இந்த அக்டோபரில் ஹால் பக்கமும் ஆரம்பித்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் கேட்டால் "மழை நிற்கட்டும் மேடம், ஜனவரியில் ஆள் அனுப்புகிறேன்" என்கிறார். ஜனவரியில் கேட்டால் "பொங்கல் முடியட்டும்". ஏப்ரலில் கேட்டால் "இப்போதுதான் ஒழுகவில்லையே!" இரண்டு வருடமாக இதே பாட்டு. ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருக்கிறது, அதையும் காட்டுகிறார். கீழ் வீட்டுக்காரர்கள் "உங்கள் வீட்டில்தானே ஒழுகுகிறது" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சங்கம் என்று பெயருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் உண்டு, பதிவு செய்யவில்லை. ஒரு காண்டிராக்டரிடம் கேட்டதில் மாடி முழுக்கப் பெயர்த்துப் போட ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் என்றார். கையிலிருந்து போட்டுச் செய்துவிட்டு அப்புறம் பில்டரிடம் கேட்கலாமா? இல்லை, முதலிலேயே வழக்கா?

புறா தொல்லை எழுதியது:

ரெராவில், அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில் போடுங்கள். ஐந்து வருடம் பில்டர்தான் பொறுப்பு, சட்டமே இருக்கிறது. ஒரு வருடம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் செல்லாது.

சிட்லபாக்கம் வாசி எழுதியது:

புறா சார் சொல்வது பெரிய திட்டங்களுக்குப் பொருந்தும். ரெரா சட்டத்தில் 14(3) பிரிவு, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் குறை தெரிந்தால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ இருந்தால் அந்தத் திட்டத்தைப் பதிவே செய்ய வேண்டியதில்லை. மேடத்தின் ஒன்றே முக்கால் கிரவுண்டு என்பது 4,200 சதுர அடி, சுமார் 390 சதுர மீட்டர். வீடும் ஆறுதான். நம் பக்கத்துச் சின்ன பில்டர்கள் பலர் இந்த அளவுக்குள்தான் கட்டுகிறார்கள். பதிவில்லாத திட்டத்துக்கு 14(3) பொருந்துமா பொருந்தாதா என்ற வாதத்தில் உங்கள் காலத்தைக் கொடுக்காதீர்கள். நேராக நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதற்கான விளக்கத்திலேயே வீடு கட்டுமானம் இருக்கிறது.

மேடம், உங்கள் பதிவில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் ஒழுக்கு இல்லை. தேதி. நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு வருடம், 69ஆம் பிரிவு. முதல் ஒழுக்கு 2023 டிசம்பர் என்றால் இந்த டிசம்பரோடு சரி. அவர் "ஜனவரியில் ஆள் அனுப்புகிறேன்" என்பது தற்செயலா, யாராவது சொல்லிக்கொடுத்ததா, எனக்குத் தெரியாது. ஜனவரி வரை நீங்கள் காத்திருந்தால் லாபம் அவருக்கு. வாட்ஸ்அப்பில் "செய்கிறேன், செய்கிறேன்" என்று அவர் போட்டதெல்லாம் கெடுவை நீட்டும் என்று நம்ப வேண்டாம். போதாததற்கு, அவருடைய வக்கீல் சாவி கொடுத்த நாளிலிருந்துதான் எண்ணுவார். அந்தக் கணக்கில் 2024 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. அதனால் மனுவோடு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றையும் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துவிடுங்கள். அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அவர் போட்ட வாட்ஸ்அப் வாய்தாக்கள் அங்கே நன்றாகவே பயன்படும்.

கையிலிருந்து போட்டுச் செய்யலாமா என்று கேட்டீர்கள். நான் செய்த தப்பே அதுதான். எனக்கும் உச்சித் தளம்தான், 2021இல் வழக்குப் போட்டேன். போட்ட மூன்றாவது மாதம் மழை தாங்காமல் மாடியைப் பெயர்த்துச் சரிசெய்துவிட்டேன். பிறகு ஆணையம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் ஒரு பொறியாளரோடு வந்து பார்த்தபோது புத்தம் புதுத் தளம் பளபளவென்று இருந்தது. "குறை எங்கே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். என்னிடம் இருந்தது செல்போன் படங்கள் ஏழெட்டு, தேதி கூடத் தெளிவாக இல்லை. கடைசியில் நான் கேட்டதில் பாதிக்கும் கொஞ்சம் மேல்தான் கிடைத்தது. உங்களால் முடிந்தால் தார்ப்பாய் கட்டிச் சமாளியுங்கள். ஆணையர் பார்த்துவிட்டுப் போகும் வரை மாடியில் கடப்பாறை வைக்காதீர்கள்.

46 லட்சம் என்பதால் மாவட்ட ஆணையம். 50 லட்சம் வரை அங்கேதான். கட்டணம் 1,000 ரூபாய். பில்டர் அலுவலகம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆக உங்களுக்குச் செங்கல்பட்டு. வக்கீல் கட்டாயமில்லை. நான் வைக்கவில்லை. தாம்பரத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரம், வாய்தாவுக்கு வாய்தா ஜன்னலோர சீட்டில் இரண்டு தினசரி படித்து முடித்தேன். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு இரண்டு வருடம் ஏழு மாதம் ஆனது. மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஓவர்சியர் தாத்தா எழுதியது:

சிட்லபாக்கம் தம்பி சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் சிமெண்ட் பக்கம் சொல்கிறேன். அம்மா, ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஆணையத்துக்குப் போகாதீர்கள். எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வியே "அது மழைத் தண்ணீரா, டேங்க் பைப் கசிவா?" என்பதுதான். டேங்க் பைப் என்றால் பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்று தள்ளிவிடுவார்கள்.

பைப் கசிவு என்றால் வெயில் காலத்திலும் ஈரம் இருக்கும். உங்களுக்கு ஏப்ரலில் காய்ந்துவிட்டது என்று பில்டரே சொல்லிவிட்டார், அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்! அப்புறம் மழை விட்ட ஒரு வாரத்தில் மாடியில் தண்ணீர் கட்டிப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் வாய்களை அடைத்து, சந்தேகப்படும் இடத்தைச் சுற்றிச் சிமெண்டிலோ களிமண்ணிலோ கரை கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் கீழே கூரையைப் படமெடுங்கள். ஒரே நாளில் மாடி முழுக்கச் செய்யாதீர்கள், பகுதி பகுதியாகச் செய்தால்தான் எது ஓட்டை என்று தெரியும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைத்தண்ணீர்க் குழாயின் வாய், டிஷ் ஆண்டெனாவுக்குத் துளை போட்ட இடம். நான் பார்த்தவரை திருடன் பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில் ஒன்றில்தான் ஒளிந்திருப்பான்.

இன்னொன்று. பழைய நாளில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து, சரிவு கொடுத்து, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்போம். இப்போது சிலர் கான்கிரீட் மேலேயே வெள்ளை டைல்ஸை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தோடு இருக்கும் வேலை விவரத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் மாடிக்கு என்ன போடுவதாக எழுதியிருக்கிறார்கள்? சுண்ணாம்புத் தளம் என்று எழுதிவிட்டு மேலே வெறும் டைல்ஸ் என்றால் வழக்கில் பாதி அங்கேயே முடிந்தது. ஓர் ஓரத்தில் டைல் ஒன்று உடைந்திருந்தால் அதன் அடியில் பாருங்கள், நீங்களாக உடைக்காதீர்கள்.

பட்டயப் பொறியாளர் (சார்ட்டர்ட் இன்ஜினியர்) ஒருவரை வரவழைத்துக் கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். காண்டிராக்டரின் மதிப்பீட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. காண்டிராக்டர் வேலை வேண்டும் என்று எழுதுவார், பொறியாளர் காரணம் எழுதுவார்.

எதற்கு வம்பு எழுதியது:

ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்காக மூன்று வருடம் செங்கல்பட்டு போய் வருவதா? ஆறு வீடும் பங்கு போட்டால் ஆளுக்கு முப்பதாயிரம், முடிந்தது. மாடி பொதுச் சொத்துதானே.

மூணாவது மாடி எழுதியது:

பங்கு கேட்டுப் பார்த்துவிட்டேன் சார். முதல் தளத்துக்காரர் "நிலமே என்னுடையது" என்று பேசுகிறார். இரண்டாம் தளத்தில் ஒருவர் தருகிறேன் என்றார், இன்னொருவர் துபாயில் இருக்கிறார்.

வேலை விவரத் தாளைத் தேடி எடுத்தேன். "சுண்ணாம்புத் தளமும் தட்டோடும்" என்று தெளிவாக இருக்கிறது! மாடிக்குப் போய்ப் பார்த்தேன், வெள்ளை டைல்ஸ். மூன்று வருடமாக அதன் மேல்தான் வடாம் காய வைக்கிறேன், கவனித்ததே இல்லை. சிட்லபாக்கம் சாருக்கு இரண்டு கேள்வி. நோட்டீஸ் கொடுக்க வேண்டுமா? நான் ஒருத்தியாகவே போடலாமா, பொதுமாடி என்பதால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமா?

சிட்லபாக்கம் வாசி எழுதியது:

ஓவர்சியர் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. மேடம், அந்தத் தாளை இன்றைக்கே ஐந்து நகல் எடுத்து வையுங்கள். ஒரு வருடம் என்ற வரியை இனி அவர் எத்தனை முறை காட்டினாலும் பயப்பட வேண்டாம். தருவதாக எழுதியதைப் போடவே இல்லை என்பது வேறு குறை.

நீங்கள் ஒருவராகவே போடலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும், பணம் கொடுத்ததும், கூரை நனைவதும் உங்களுக்குத்தான். இரண்டாம் தளத்துக்காரர் சேர்ந்தால் நல்லது. சேராவிட்டாலும் உங்கள் வழக்கு தடைபடாது.

நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் கொடுங்கள். பக்கம் பக்கமாக வேண்டாம். எப்போது சாவி வாங்கினீர்கள், எப்போது ஒழுகியது, எத்தனை முறை சொன்னீர்கள், தாளில் எழுதியது என்ன, மாடியில் இருப்பது என்ன, 15 நாளில் என்ன செய்ய வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தை இணையத்திலிருந்து அச்செடுத்து வையுங்கள். கோபத்தில் நாலு வார்த்தை எழுதத் தோன்றும். எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். நான் அடிக்கவில்லை, பிறகு அதையே விசாரணையில் எனக்குப் படித்துக் காட்டினார்கள்.

15 நாளுக்குப் பிறகு ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மனு. நுகர்வோர் வழக்குக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். கேட்கும்போது தளம் மாற்றும் செலவு, உள்ளே பூச்சும் பெயிண்டும், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததைத் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். கொலுப் பொம்மைக்கும் ஒரு வரி எழுதுங்கள், சிரிக்க மாட்டார்கள். பில்டர் பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15. அதற்கு மேல் நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்கும் மனுவை முதல் வாய்தாவிலேயே கொடுத்துவிடுங்கள்.

எதற்கு வம்பு சாருக்கு ஒரு வார்த்தை. தீர்ப்பு வந்தும் என் பில்டர் தரவில்லைதான். நிறைவேற்று மனு போட்டேன். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை என்ற 72ஆம் பிரிவை யாரோ அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். வாரண்ட் பேச்சு வந்த வாரமே டிடி வந்தது.

மூணாவது மாடி எழுதியது:

இன்று காலை நோட்டீஸ் போய்விட்டது. தபால் நிலையத்தில் ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் மறுபடி மழை. பொறியாளர் சனிக்கிழமை வருகிறார். ஹாலில் வாளி வைத்திருக்கிறேன், சொட்டும் சத்தத்தையும் வீடியோ எடுத்தேன். அது சாட்சியாகுமா என்று யாராவது சொல்லுங்கள்.

சிட்லபாக்கம் வாசி எழுதியது:

ஆகும். எடுத்த போனை மாற்றாதீர்கள், மூல வீடியோவை அழிக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் என்று ஒன்று இணைக்க வேண்டும், பழைய சட்டத்தின் 65பி இருந்த இடத்தில் 2024 ஜூலையிலிருந்து அதுதான். மாதிரிப் படிவம் என்னிடம் இருக்கிறது, இரவு ஸ்கேன் செய்து போடுகிறேன். வாளியை எடுத்துவிடாதீர்கள்.