புயல் சேதக் கணிப்பு: மரம், மண் ஈரம் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. புயல் கரையைத் தொடும் முன்பே எந்தப் பகுதியில் எவ்வளவு மின்கம்பங்கள் சாயும், எங்கே கம்பி அறும் என்று கணிக்க ஒரு கணினி மாதிரி (மாடல்) தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பழுதுபார்க்கும் ஆட்களை முன்கூட்டியே எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்யத்தான்.

காற்றின் வேகம் 2 மடங்கானால் கம்பத்தின் மீதான விசை 4 மடங்காகும். அதனால் முன்னறிவிப்பில் சின்னப் பிழை வந்தாலும் சேதக் கணக்கு எங்கேயோ போய்விடுகிறது. சரி, காற்றைப் பொறுத்தவரை சராசரி வேகத்துக்குப் பதில் 3 விநாடி உச்ச வீச்சை (3 விநாடிச் சராசரியாக அளக்கும் அதிகபட்சக் காற்று வேகம்) வைத்துப் பார்க்கலாம்.

மரங்கள்தான் பெரிய தலைவலி. அதே காற்றுதான், ஆனால் நாள்கணக்கில் மழை குடித்த மண்ணில் நிற்கும் மரம் வேரோடு பெயர்ந்து கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. காய்ந்த மண்ணில் பல சமயம் கிளை முறிவதோடு சரி. செயற்கைக்கோள் தரும் மண் ஈரத் தரவோ பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக இருக்கிறது. ஒரு ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்குப் போகும் மின்பாதை) அளவுக்கு அதை எப்படி இறக்குவது?

இன்னொன்று: வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலான கட்டங்களில் சேதம் பூஜ்யம். நான் பயன்படுத்தும் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் கணிப்பைச் சேர்த்துச் சொல்லும் இயந்திரக் கற்றல் முறை), அதற்குக் கற்றுக்கொடுத்த பழைய தரவில் இல்லாத அளவு பெரிய புயல் வந்தால் சேதத்தைக் குறைத்தே சொல்கிறது. இரண்டு படியாக, முதலில் சேதம் உண்டா, அப்புறம் எவ்வளவு என்று பிரித்துச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? மின்வாரியக் களப்பணியில் இருப்பவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.