வியட்நாமின் மி சன் போனவங்க ஏ10 கோயில் லிங்கத்தைப் பார்த்தீங்களா?

டுய் ஃபூ கிராமத்துக்குப் பக்கத்து, சாம் மக்களோட பழைய இந்துக் கோயில்கள் இருக்கிற மி சன் பள்ளத்தாக்குன்னா எல்லாரும் பி, சி, டின்னு எழுத்துப் போட்டுப் பிரிச்ச கோயில் குழுக்களோட நிறுத்திடுறாங்க. அதுதான் ஆதங்கம். அடுத்திருக்கிற ஏ10-இல் 2020 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை சீரமைப்பு வேலையில் வெளிப்பட்டது 9ஆம் நூற்றாண்டு லிங்கம். தண்டும் ஆவுடையாரும் ஒரே மணற்கல். நம்ம ஊரில் தண்டைத் தனியே செதுக்கி ஆவுடையாரில் இறக்கி அஷ்டபந்தன மருந்து சாத்துவோம். இங்கே மருந்துக்கு வேலையே இல்லை, இணைப்பே கிடையாது! பக்கத்தில் ஏ1 செங்கல் மேடாகக் கிடக்குது. 1969 ஆகஸ்ட், அமெரிக்கக் குண்டுவீச்சு.

*

பி5-ஐயும் விட்டுடாதீங்க. படகைக் கவிழ்த்த மாதிரிக் கூரை, சுவரில் மரத்தடியில் ரெண்டு யானை. செங்கல்லை அடுக்கி முடிச்ச பிறகுதான் சுவரிலேயே செதுக்கியிருக்காங்க. நடுவில் சாந்தே இல்லை, நகம்கூட நுழையாது.

*

சாந்தே இல்லைன்னு சொல்லாதீங்க. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசு, அவ்வளவுதான். ஜி குழுவை இத்தாலிக்காரங்க சீரமைச்சப்போ உள்ளூர் மரப் பிசினோட சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்தாங்க. சிமென்ட் வச்சா ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய செங்கல் பக்கமாத் திரும்பும், உப்பு பூக்கும், மேல்தோல் பொரிப்பொரியா உதிரும். நம்ம ஊர்ப் பழைய கோயில்களில் சிமென்ட் பூசுறவங்களும் இதைக் கவனிக்கணும்.

*

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். முதலில் டா நாங்கில் 1919-இல் திறந்த சாம் அருங்காட்சியகம் போங்க. இ1 கோயிலின் பீடம் அங்கேதான் இருக்கு. 7ஆம் நூற்றாண்டு வேலை, பக்கமெல்லாம் தவசிகளின் வாழ்க்கை. அதைப் பார்க்காமல் மி சன் போனா இ குழுவில் வெறும் செங்கல்தான் தெரியும். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கி.மீ. விடியலிலேயே கிளம்புங்க. ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து பி, சி, டி நிரம்பிடும், செங்கல் தரை அனலாக் கொதிக்கும், நிழலும் குறைச்சல். பேட்டரி வண்டியில் இறங்கினதும் கூட்டத்தோட நிற்காமல் நேரா ஏ குழுவுக்குப் போங்க. அப்புறம் ஜி, கடைசியா பி5. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேணும். மழைக்காலத்தில் செங்கல் படியெல்லாம் பாசி, ரப்பர் செருப்பு வழுக்கும். திரும்பும்போது சாம் அரசர்களின் சிம்மபுரம் இருந்த ட்ரா கியூவில் இறங்குங்க. கோட்டை மதில் மண்மேடாத்தான் இருக்கும், கோபுரம் தேடாதீங்க.