மேலத்தெரு வீட்டுக் குழு

சரசுவதி பெரியம்மா: எண்டோஸ்கோப்பி எடுத்து இன்றோடு ஒன்பது நாள். உங்கள் பெரியப்பா வயிற்றுப் புண் மாத்திரையை நிறுத்திவிட்டார். விடிந்ததும் மணத்தக்காளிச் சாறு ஒரு டம்ளர். புண் ஆறிவிடுமாம்.

பெரியப்பா: நிறுத்தவில்லை. ஒத்திவைத்திருக்கிறேன். 2006-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். கவிதாதான் அனுப்பினாள்.

கவிதா: பெரியப்பா, அது எலி ஆய்வு!

முருகேசன் சித்தப்பா: எந்த எலி?

கவிதா: ஆய்வக எலி, சித்தப்பா. ஒரு நாள் பட்டினி, தண்ணீர் மட்டும். தன் புழுக்கையையே தின்றுவிடும் என்பதால் கூண்டின் அடியில் கம்பிவலை. செடியிலிருந்து பிரித்த சாரத்தை எடை பார்த்துக் குழாய் வழியே வயிற்றுக்குள் விடுவார்கள். பிறகு சாராயமோ வலி மாத்திரையோ கொடுத்துப் புண் வரவழைப்பார்கள். கடைசியில் எலியைக் கொன்று, இரைப்பையைப் பிளந்து விரித்துப் பார்ப்பார்கள். உள்ளே புண் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். அவற்றை மில்லிமீட்டரில் அளந்து, சாரம் கொடுக்காத எலியோடு ஒப்பிடுவார்கள். மணத்தக்காளி கொடுத்த எலிக்குக் கோடு குறைவு. அது உண்மைதான்.

பெரியப்பா: பார்த்தாயா!

முருகேசன் சித்தப்பா: எலிக்குச் சாராயமா?

கோமதி அத்தை: போன கொடைக்கு நீ கோயில் திண்ணையில் கிடந்தாயே, அதே போலத்தான்.

முருகேசன் சித்தப்பா: அக்கா, பிள்ளைகள் இருக்கிற குழு இது.

சுகன்யா கோவை: மணத்தக்காளி என்பது சுக்குட்டிக் கீரைதானே அத்தை?

சரசுவதி பெரியம்மா: ஆமாம் அம்மா. இங்கே மிளகுத்தக்காளி என்றும் சொல்வோம்.

கோமதி அத்தை: வற்றல் கொடுத்தனுப்பிய என் எவர்சில்வர் தூக்கு இன்னும் வரவில்லை. பெயர் வெட்டிய தூக்கு.

கவிதா: பெரியப்பா, கேளுங்கள். நான் சொன்ன எலிகளுக்குக் காப்பு முதலில், புண் பிறகு. உங்களுக்குப் புண் வந்தாகிவிட்டது. முழங்காலுக்குப் போடுகிற வலி மாத்திரை வயிற்றின் பாதுகாப்புப் படலத்தையே மெலிய வைக்கும். புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாகவும் இருக்கலாம். பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு காட்டினார். 2005-இல் நோபல் பரிசு. கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்தான், கீரை போதாது.

பெரியப்பா: அவர் கிருமி குடித்தால் நோபல். நான் கீரை குடித்தால் குற்றம்.

முருகேசன் சித்தப்பா: 😂

கவிதா: கீரையைக் கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள், யார் தடுத்தார்கள்? புண் மாத்திரையையும் போடுங்கள். சதை எடுத்து அனுப்பினார்களே, முடிவு வந்ததா?

சரசுவதி பெரியம்மா: வெள்ளிக்கிழமை தருவார்களாம். யார் கார் எடுக்கிறீர்கள்?

கோமதி அத்தை: பெரியவனைக் கேளுங்கள். வீட்டைப் பிரித்தபோது கார் அவனுக்குத்தானே போயிற்று.

முருகேசன் சித்தப்பா: வெள்ளிக்கிழமை எனக்குத் தென்காசியில் ஒரு வேலை.

கவிதா: மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா? போனால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. பெரியப்பா?

கவிதா: பெரியப்பா??

பெரியப்பா: அதையெல்லாம் குழுவில் எழுத முடியாது. போன் செய்.

சரசுவதி பெரியம்மா: தூக்கு பரணில் இருக்கிறது கோமதி. பெயர் உன்னுடையது இல்லை, மாமியாருடையது.