வனப்பணிக்கு வனவியல் பட்டம் கட்டாயமாக வேண்டுமா?

தேக்கங்கன்று: மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணித் (ஐ.எஃப்.எஸ்.) தேர்வைப் பொறியியல், வேளாண்மை, இயற்பியல், கணிதம் படித்தவர்களும் எழுதலாம். அப்புறம் எங்களுக்கு எதற்கு நாலு வருடம்? பொறியியல் முடித்தவர்கள் வனவியலையே விருப்பப் பாடமாக எடுத்து எங்களை முந்துவதுதான் பெரிய கடுப்பு.

சிவில்காரன்: உங்கள் பாடத்திலேயே உங்களை ஜெயிக்கிறான் என்றால் கோளாறு யாரிடம்? தேறியவர்களை எப்படியும் டேராடூனில் வைத்துப் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். உடல்தகுதிச் சோதனையில் 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் நடக்கச் சொல்லும்போது என்ன பட்டம் என்றா கேட்கிறார்கள்? ஆக்கிரமிப்பு வழக்கு, ஊருக்குள் யானை வந்தால் கூடும் கூட்டம், இதையெல்லாம் மரம் தெரிந்தால் மட்டும் சமாளித்துவிட முடியாது.

தேக்கங்கன்று: அப்படியென்றால் கால்நடை மருத்துவர் வேலைக்கும் இயற்பியல் படித்தவரை எடுத்துப் பயிற்சி கொடுக்கலாமே? மாட்டுக்குப் படித்தவர் வேண்டும், காட்டுக்கு யார் வந்தாலும் போதுமா?

சவுக்குத்தோப்பு: தம்பிகளா, நானும் அதே கல்லூரிதான். ரேஞ்சர் (வனச்சரகர்) கனவு கைகூடாமல் காகித ஆலை வேலைக்குப் போனவன். புகளூர், பள்ளிபாளையம் ஆலைகள் விவசாயிகளை மரம் நட வைத்து வாங்குகின்றன. அங்கே நம் படிப்புக்கு மரியாதை உண்டு. களர் மண்ணுக்கு எந்த ரகச் சவுக்கு, தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று நம்மைத்தான் கேட்பார்கள். மரத்தின் பருமனைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி அளந்துகொண்டிருக்கும்போதே, "சார், டன்னுக்கு என்ன விலை? வெட்டுக்கூலி யார் தருவது?" என்பார் தோட்டக்காரர். அவர் மூன்று நான்கு வருடம் காத்திருந்தவர், மழுப்பினால் விடமாட்டார். நாள் முழுக்க பைக்கில் சுற்றல், அதிலும் டார்கெட். ஆனால் வேலை இருக்கிறது. எல்லோரும் காக்கிச் சட்டைக்கே ஏன் வரிசையில் நிற்கிறீர்கள்?

மழைக்காடு: அண்ணா, அது உங்களுக்குச் சரி. எங்கள் வளாகத் தேர்வுக்கு வந்த ஒரு நிறுவனம் "ஃபீல்டுக்குப் பையன்கள் மட்டும்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னது. ஐ.எஃப்.எஸ்.ஸில் பெண்களுக்கு 14 கிலோமீட்டர் நடை வைத்திருக்கிறார்கள், நடந்து காட்டலாம். இவர்கள் நடக்கவே விடவில்லை. எங்கள் வகுப்பில் படிக்கும் பெண்கள் அரசுத் தேர்வையே பிடித்துக்கொண்டிருப்பது காக்கி மோகத்தால் இல்லை.

சிவில்காரன்: அந்த நிறுவனம் செய்தது அநியாயம். அதற்காக யு.பி.எஸ்.சி. பொறியியல் படித்த எங்களுக்குக் கதவை மூட வேண்டுமா?

தேக்கங்கன்று: மூடச் சொல்லவில்லை நண்பா. ரேஞ்சர் வேலைக்கு ஆள் எடுக்கும் டி.என்.பி.எஸ்.சி. வனத் தொழில் பழகுநர் தேர்வில் வனவியல் பட்டத்துக்கு முன்னுரிமை இருக்கிறது. அதையே அங்கேயும் கேட்கிறோம்.