ஓக்கர் கோர்ட்டில் பேய் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

நெய்தல்:
அமெரிக்காவில் ரோட் ஐலண்ட், நியூபோர்ட். அங்கே கடலோரத்தில் சால்வே ரெஜினா என்று சின்னதாக ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். ஓக்கர் கோர்ட் மாதிரி பழைய மாளிகைகளில் நடக்கிறது என்பதால் ஆளாளுக்கு ஒரு பேய்க் கதை சொல்கிறார்கள். படித்தவர்கள், சும்மா சுற்றிப் பார்க்கப் போனவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கடலோடி:
நான் முதுகலை படித்தது அங்கேதான். பேயைப் பார்க்கவில்லை, ஆனால் ஒரு நாள் நன்றாகப் பயந்தேன். நவம்பர் மாதம், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க ஓக்கர் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். ஆக்டன் கோலெட் என்ற நியூயார்க் பணக்காரர், ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட் என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கட்டி 1892-இல் முடித்த மாளிகை அது, அதுவும் கோடையில் சில வாரம் வந்து தங்குவதற்காக! இந்த மாதிரி அரண்மனைகளுக்கு அந்த ஊரில் 'காட்டேஜ்' என்று பெயர். நம் ஊரில் இவ்வளவு பெரிதாகக் கட்டிவிட்டு குடிசை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். 1947-இல் கோலெட் குடும்பம் அதைத் தானமாகக் கொடுக்க, மெர்சி சபை சிஸ்டர்கள் 58 மாணவிகளோடு கல்லூரியை அங்கேயே தொடங்கினார்கள். ஆண்களைச் சேர்த்தது 1973-இல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாடி உயரத்துக்கு நடுக்கூடம், மேலே கூரை ஓவியம், கூடத்தில் நான் மட்டும். திடீரென்று எங்கிருந்தோ ஒரு முனகல், யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற மாதிரி. கையில் இருந்த காகிதம் படபடக்கிறது, காற்றா என் கை நடுக்கமா தெரியவில்லை. பின்னாலிருந்து "யாரைத் தேடுகிறாய்?" என்று குரல் கேட்டதும் உயிரே போய்விட்டது. திரும்பினால் ஸ்வெட்டர் போட்ட வயதான சிஸ்டர் ஒருவர். அங்கே பலர் அங்கி போடுவதில்லை, அதனால் சட்டென்று அடையாளம் தெரியாது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கணப்பைக் காட்டி, கடல் காற்று புகைபோக்கியில் ஊதுகிறது என்றார்.

அப்புறம் ஊர் எது என்று கேட்டார். தூத்துக்குடிப் பக்கம் என்றேன். கல்லூரியின் பெயர் எங்கள் ஆச்சிக்கு எப்படித் தெரியும் என்று சொன்னேன்: "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க" என்று தினமும் ஜெபமாலை முடிவில் சொல்கிற மந்திரத்தின் லத்தீன் ஆரம்பம்தான் அது. தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னார், சொன்னேன். பாதியில் அவர் லத்தீனில் சேர்ந்துகொண்டார். நான்தான் வரி மறந்து நின்றேன்.

அரைக்கண்:
பேயை விடுங்கள், பின்னால் போகிற கிளிஃப் வாக்கைப் பார்த்தீர்களா? மூன்றரை மைல் பாதை, ஒரு பக்கம் மாளிகை, மறுபக்கம் நேரே அட்லாண்டிக். 2022 மார்ச்சில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அடுத்த வருடம் நான் போனபோது அந்த இடத்தில் தெருவழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். எனக்குப் பயம் அங்கேதான்.

நெய்தல்:
கடலோடி, கையெழுத்து கிடைத்ததா இல்லையா?

கடலோடி:
இல்லை. அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் பகலில் போய் வாங்கினேன்.